நூற்கட்டின் மேல் எப்பாக்சிப் பூச்சு

தூண்டிற்கோல் ஒன்றைக் கையில் எடுத்து அதன் வளையங்களைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். தூண்டில் நரம்பு ஓடுவதற்கென அடியிலிருந்து நுனிவரை எட்டு அல்லது பத்து வளையங்கள் வரிசையாக நிற்கும். நுனியில் உள்ள ஒன்று மட்டும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஏனைய வளையங்களுள் எதுவும் ஆணியால் அறையப்பட்டதன்று. திருகால் முடுக்கப்பட்டதும் அன்று. உள்ளீடற்ற மெல்லிய குழாயாகிய கோலில் துளையிட்டால் அந்த இடத்திலேயே அது முறிந்துவிடும். ஆதலின் வளையத்தின் தட்டையான காலைக் கோலின் மேல் படுக்க வைத்து, மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றியே அதனை நிறுத்துகின்றனர். அந்த நூலும் தளராமல், நீர் புகாமல், பாறையில் உரசி அறாமல் இருக்க அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு வேண்டும். அதுவே எப்பாக்சிப் பூச்சு ஆகும்.

பழைய ஈயக்குட்டைகளிலும் ஆற்றோரங்களிலும், 1985-ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டபின் பரந்து விரிந்த கென்யிர் ஏரி போன்ற நீர்நிலைகளிலும் மீன் பிடிப்போர் பலர். தோமான் போன்ற முரட்டு மீன் ஒன்று இழுத்துக்கொண்டு ஓடும்போது, அதன் விசை முழுவதும் கோலின் வளைவிலும் வளையங்களிலுமே இறங்குகின்றது. பூச்சு வெடித்திருந்தால் நூலுக்கடியில் நீர் புகும். நீர் புகுந்த இடத்தில் வளையத்தின் இரும்புக்கால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கால் அசையும். அசையும் கால் நூலை அறுக்கும். ஒரு வளையம் கழன்றதும் அதன் பங்கான சுமை அடுத்த வளையத்தின் மேல் விழுகிறது. கோலே முறிவதும் உண்டு. ஒரு வளையம் போய்விட்டதென்று நல்ல கோலை வீட்டு மூலையில் சார்த்திவிட்டுப் புதியதொன்றுக்குப் பல வெள்ளிகள் செலவிடுவோரைக் காண்கிறோம். வளையத்தைத் திரும்பக் கட்டும் வேலை கடினமானதன்று. நூல் சுற்றும் முறையை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். பலரைத் தோற்கடிப்பது அதன் பின்னர் வரும் பூச்சேயாகும். ஆகவே நூல் சுற்றும் கலையை அறிந்தவர்கள் என்றே வாசகர்களைக் கொண்டு, இப்பாடத்தில் பூச்சைப் பற்றி மட்டும் விரிவாகக் கூற முற்படுகின்றோம்.

முற்காலத்தில் மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிச் செய்த கோல்களுக்குப் பட்டு நூலையும் வார்னிஷையும் பயன்படுத்தினர். மெல்லிய வார்னிஷை ஐந்தாறு முறை பூசி, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் காயவிடுவர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடி இழைக் கோல்களும், 1970-களில் கார்பன் இழைக் கோல்களும் கடைக்கு வந்தன. பட்டின் இடத்தை நைலான் நூல் பிடித்துக்கொண்டது. வார்னிஷ் பலமுறை பூசியும் தராத கனத்தை எப்பாக்சி இரண்டே பூச்சில் தந்தது. கோல் வளையும்போது வெடிக்காமல் உடன் வளையும் தன்மையும் அதற்கு உண்டு. அதனால் வார்னிஷ் பின்தள்ளப்பட்டது. எனினும் வார்னிஷ் பூசிப் பழகிய கைக்கு எப்பாக்சி உடனே வசப்படுவதில்லை. இரண்டும் வேறு வேறு இயல்பு கொண்டவை என்பதே அதற்குக் காரணம்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

வார்னிஷ் காய்கிறது, அதிலுள்ள கரைப்பான் காற்றில் ஆவியாகிப் போக, மிச்சம் படலமாகக் கெட்டிப்படுகிறது. எப்பாக்சியிலிருந்து எதுவும் ஆவியாகிப் போகவேண்டியதில்லை. அது இரண்டு குப்பிகளில் வருவது. ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதனை இறுகச் செய்யும் திரவம். பின்னதை இறுக்கி என்று அழைப்போம். இவ்விரண்டும் கலந்த மாத்திரத்தில் ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்கி, நுண்ணிய துகள்கள் சங்கிலிபோற் கோத்துக்கொண்டு, திரும்பவும் திரவமாக மாறாத திடப்பொருளாக ஆகின்றன. வெயிலில் வைத்துக் காயவைக்கும் வேலைக்கு இங்கு இடமில்லை.

ரப்பர் தோட்டத்து அனுபவம் உள்ளவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அவ்வனுபவமே இவ்விடத்தில் ஒரு தவற்றுக்கும் வழிகோலும். பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலத்தை நீரில் கலந்து ஊற்றுவார்கள் அல்லவா? அவசரமான நாளில் அமிலத்தைச் சற்றுக் கூட்டினால் பால் விரைவில் உறைந்துவிடும். அமிலம் பாலின் துகள்களை ஒன்றுகூடத் தூண்டிவிடுகிறது. தான் அவற்றோடு சரிக்குச்சரி சேர்ந்துகொள்ள வேண்டுவதில்லை. அந்தப் பழக்கத்தில், பூச்சு விரைவில் இறுகட்டும் என்று இறுக்கியைச் சில துளிகள் கூட்டி ஊற்றுபவர்கள் உளர். எப்பாக்சியில் இறுக்கி வெறும் தூண்டுகோல் அன்று. தானே பூச்சின் ஒரு பாதியாகிறது. ஒவ்வொரு பிசின் துகளுக்கும் உரிய இறுக்கித் துகள் இருக்கவேண்டும். இறுக்கி மிகுந்தால் இணை கிடைக்காத இறுக்கி பூச்சினுள் அப்படியே நின்றுவிடும். குறைந்தால் இணை கிடைக்காத பிசின் நின்றுவிடும். எவ்வழியாயினும் பூச்சு விரலில் ஒட்டிக்கொண்டு, வாரங்கள் சென்றாலும் அவ்வாறே இருக்கும். ஒட்டும் பூச்சைக் கண்டு, இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதால் பயனில்லை. அதன் தலைவிதி கலவைக் கிண்ணத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

அளவு

தூண்டிற்கோலுக்கென்று விற்கப்படும் பூச்சுகளுள் பெரும்பாலானவை பிசினும் இறுக்கியும் கன அளவில் சரிபாதியாகச் சேரவேண்டியவை. குப்பியின் மேல் வேறு விகிதம் அச்சிடப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக. கன அளவில் என்பதை மறவாதீர்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் ஒன்றல்ல. தராசில் சரியாக நிறுத்தால் கன அளவு பிசகிவிடும்.

கண்ணால் பார்த்து ஊற்றுவது கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சுகள் இரண்டு போதும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. சாதாரணச் சிரிஞ்சின் உள்ளே ரப்பர் முனை எளிதாக நகர்வதற்குச் சிலிகோன் எண்ணெய் தடவப்பட்டிருக்கும். அவ்வெண்ணெயில் ஒரு துளி கலவையிற் சேர்ந்தாலும், பூச்சு சில இடங்களில் நூலின்மேல் நிற்காமல் விலகி, மீனின் கண்போல வட்டக் குழிகள் தோன்றும். பூச்சு விற்கும் கடைகளிலேயே சிலிகோன் இல்லாத சிரிஞ்சுகள் கிடைக்கும். சில பூச்சுகளுடன் சேர்ந்தும் வரும். அவற்றையே பயன்படுத்துவது நல்லது. ஒன்றிற்குச் சிவப்பு நாடா, மற்றொன்றுக்கு நீல நாடா ஒட்டி, பிசினுக்கு உரியதைப் பிசினுக்கும் இறுக்கிக்கு உரியதை இறுக்கிக்கும் மட்டுமே கையாளுக. குப்பி மூடிகளும் மாறிப்போகக் கூடாது. மாறிப் போட்ட மூடி அடுத்த முறை திறக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும்.

சிரிஞ்சில் உறிஞ்சும்போது காற்றுக் குமிழிகளும் உள்ளே வரும். பிசின் தேனைப்போலக் கெட்டியானது; குமிழி அதில் அசையாமல் நின்றுவிடும். மூன்று மில்லிலிட்டர் என்று கோடு காட்டினாலும் உள்ளே இருப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். சிரிஞ்சை முனை மேல்நோக்க நிறுத்திச் சற்று நேரம் பொறுத்து, குமிழியை வெளியே தள்ளிய பின்னரே அளவைப் பார்க்கவேண்டும்.

சிக்கனம் கருதி மிகச் சிறு அளவில் கலப்பதும் நன்மை தராது. கை பிசகி 0.2 மில்லிலிட்டர் கூடிவிட்டதென்று கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் கலப்பவருக்கு அது நூற்றுக்கு 20 பங்கு பிழை. மூன்று மில்லிலிட்டர் கலப்பவருக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கே. ஒரு கோலுக்கு ஒரு முறை பூச மூன்றும் மூன்றும் ஆறு மில்லிலிட்டர் தாராளம், மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தை நட்டமென்று கருதாதீர்கள். கிண்ணத்திலேயே அதனை விட்டுவைத்தால் மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். அது கல்லாக இறுகியிருந்தால் கோலின்மேல் உள்ளதைத் தொடாமலே அதன் நிலையை அறிந்துகொள்ளலாம். தொட்டுப் பார்க்கும் ஆவலில் விரல்ரேகை பதித்துக் கெடுத்த கோல்கள் எத்தனையோ!

இனிக் கலக்குதல். மெழுகு பூசாத சிறு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றும் வழுவழுப்பான குச்சி ஒன்றும் கொள்க. மெழுகுத்தாள் கிண்ணத்திலுள்ள மெழுகு கலவையில் கலந்துவிடும். மூன்று நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, நிதானமாகக் கிளறவேண்டும். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் நுரைதான் மிஞ்சும். கிண்ணத்தின் சுவரையும் அடியையும் குச்சியால் வழித்து வழித்து நடுவே சேர்க்கவேண்டும். கலவாத பிசின் ஒளிந்திருப்பது அங்கேதான். கலங்கலாகக் கோடு கோடாய்த் தெரிந்த கலவை முழுதும் தெளிந்துவிட்டால் கலந்தாயிற்று என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கலந்ததைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு பூசத் தொடங்குவதே பொதுவழக்கம். அதைவிட நல்லதொரு வழி உண்டு. சமையலறை அலுமினியத் தாளைத் தட்டின்மேல் விரித்து, கலவையை அதன் நடுவே ஊற்றிப் பரவவிடுங்கள். மெல்லிய ஏடாகப் பரவும்போது உள்ளிருக்கும் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். அதற்கும் மேலான நன்மை ஒன்றுண்டு. எப்பாக்சி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். கிண்ணத்தில் ஒருங்கே குவிந்திருந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு, சூட்டால் இன்னும் விரைவாக இறுகும். நான்காவது வளையத்தைப் பூசும்போதே தூரிகை இழுபடத் தொடங்கிவிடும். தாளில் பரவிய கலவைக்குச் சூடு தங்காது. வேலைக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும். நம் நாட்டில் நண்பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸை எளிதில் தொடுவதால், குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குப்பிக் குறிப்பு நாற்பது நிமிடம் என்றால் நமக்கு அவ்வளவு கிடைக்காது என்று கொள்வதே பத்திரம்.

கைக்குக் காவல்

இத்தொழிலில் இழக்கக்கூடிய மிகப் பெரியது கோல் அன்று, கைத்தோலே. பிசினும் இறுக்கியும் இறுகுமுன் தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். பல முறை ஒன்றும் செய்யாதிருந்து, ஒருநாள் திடீரென்று அரிப்பும் தடிப்பும் கொப்புளமும் தோன்றும். அவ்வாறு ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பெரும்பாலும் அது வாழ்நாள் முழுதும் நீங்காது. பின்னர் சிறு துளி பட்டாலும் தோல் வெந்ததுபோல் ஆகும். பழகிய கைக்கு ஒன்றும் ஆகாது என்னும் எண்ணம் இவ்விடத்தில் தலைகீழானது. பழக்கம் கூடக்கூட ஆபத்தும் கூடும். எனவே நைட்ரைல் கையுறை அணியாமல் குப்பியைத் திறக்கவே கூடாது. மெல்லிய ரப்பர்ப்பால் கையுறை எப்பாக்சியைத் தடுப்பதில் நைட்ரைலுக்கு ஈடாகாது. ரப்பர் தந்த மக்களுக்கு இது சற்று வருத்தமான செய்திதான்!

தப்பித்தவறித் தோலில் பட்டுவிட்டால் தின்னர், ஸ்பிரிட் முதலியவற்றால் துடைக்காதீர்கள். அவை பிசினைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்திவிடும். துணியால் ஒற்றியெடுத்துச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே முறை. சாளரங்கள் திறந்த அறையில், பிள்ளைகள் அண்டாத இடத்தில் வேலை நடக்கட்டும். இறுகிய பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசியையும் மூக்கில் ஏற்றிக்கொள்ளாமல் முகமூடி அணிக.

தூரிகை தொடும் முன்னும் பின்னும்

சுற்றிய நூலைப் பூசுமுன் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நூலில் சிலிர்த்து நிற்கும் மெல்லிழைகள் பூச்சுக்குள் மூழ்குவதில்லை. பூச்சு இறுகியதும் முட்போல் நீட்டி நிற்கும். ஸ்பிரிட் விளக்கின் சுடரை நூலின் அருகே ஒரு கணம் கொண்டுபோய் எடுத்தால் அவை கருகி மறையும். கைபட்ட எண்ணெய்ப்பசை நீங்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுக.

நூலின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண நைலான் நூல் எப்பாக்சியை உறிஞ்சியதும் கண்ணாடிபோல் ஒளிபுகும் தன்மை பெற்று, நிறம் மங்கி, அடியிலிருக்கும் வளையத்தின் கால் தெரியத் தொடங்கும். கடையில் பார்த்த செக்கச்சிவந்த நூல் கோலில் பழுப்பாக மாறிவிட்டதே என்று திகைக்கவேண்டாம். நிறம் மாறாதபடி முன்னரே பதப்படுத்திய நூலும் விற்கப்படுகிறது. நிறங்காக்கும் திரவத்தை முதலில் பூசிப் பின் எப்பாக்சி பூசும் வழியும் உண்டு. ஆனால் நூலுக்குள் எப்பாக்சி ஊறி இறங்குவதை அத்திரவம் தடுத்துவிடுகிறது. நூலும் பூச்சும் ஒன்றாகப் பிணைவதே வலிமை என்பதால், தொடக்கநிலையில் இருப்போர் கறுப்பு நூலை எடுத்துக்கொண்டு நிறக்கவலையை விட்டுவிடுவதே நல்லது என்பது எம் கருத்து. அடுக்கு வண்ணக் கோலங்களைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

முதற்பூச்சின் நோக்கம் பளபளப்பு அன்று, நூலை நனைப்பதே. தூரிகையில் தாராளமாக எடுத்து, கோலை மெல்லச் சுழற்றியபடி நூற்கட்டு முழுவதும் வைக்கவேண்டும். வளையத்தின் கால் கோலின்மேல் அமரும் இருபுறமும் நூலுக்கடியில் சுரங்கம்போல் நீண்டதொரு வெற்றிடம் இருக்கும். பலர் கவனியாமல் விடும் இடம் இதுவே. அதற்குள் காற்று அடைபட்டிருந்தால் பூசிய அரைமணி நேரத்தில் குமிழி குமிழியாக வெளிவந்துகொண்டே இருக்கும்; நிரம்பாமல் விட்டால் பின்னாளில் நீர் தங்கும் குழியாகும். வளையம் நிற்கும் பக்கத்து வாயில் தூரிகை நுனியால் ஒரு துளியை வைத்துப் பொறுத்திருந்தால், எப்பாக்சி தானே உள்ளே ஊர்ந்து செல்லும். நூற்கட்டின் விளிம்பைத் தாண்டிக் கோலின்மேலும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பூசி, நீர் புகாதபடி விளிம்பை மூடுக.

ஐந்து நிமிடம் ஊறியபின் மேலதிகமானதை எடுத்துவிடவேண்டும். கோலைச் சுழற்றுவதை நிறுத்தினால் மிகுதி முழுதும் கீழ்ப்புறம் திரண்டு தொங்கும். தூரிகையை அங்கே தொட்டு, தொட்டதைத் துணியில் துடைத்து, மீண்டும் தொட்டு எடுக்கவேண்டும். நூலின் வரிகள் பூச்சின்கீழ் இன்னும் மெல்லத் தெரியுமளவுக்கு எடுத்துவிடலாம். இது போதாதென்று தோன்றும். இரண்டாம் பூச்சு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரே முறையில் தடிக்கப் பூசினால் நடுவில் தொந்தி வைத்த முட்டைபோல் ஆகி, கோலின் எடையும் வீணே கூடும்.

எஞ்சிய குமிழிகளுக்குச் சுடர் காட்டுவார்கள். ஸ்பிரிட் விளக்கின் சுடரைப் பூச்சுக்கு அடியில் சற்றுத் தள்ளிப் பிடித்து, கோலைச் சுழற்றிக்கொண்டே ஓரிரு கணம் கடந்து செல்லவேண்டும். சூட்டில் பூச்சு இளகிக் குமிழி உடையும். சிகரெட் பற்றவைக்கும் லைட்டரைக் கொண்டு செய்தால் புகைக்கரி படியக்கூடும். ஓரிடத்தில் நிறுத்திச் சுட்டால் பூச்சு சுருங்கும். கார்பன் கோலின் உள்ளிருக்கும் பிசினும் கெடும். ஸ்பிரிட் குப்பியும் துடைத்த துணியும் சுடருக்கு அருகில் இருக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சுழற்சி

பூசி முடித்த கோலைச் சுவரில் சார்த்திவிட்டால் அதுவரை செய்த வேலை அனைத்தும் வீண். எப்பாக்சி இறுகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை அது திரவமே. கீழ்நோக்கி ஓடுவது திரவத்தின் இயல்பு. கோலைக் கிடையாக வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தால், ஓட நினைக்கும் திசை மாறிக்கொண்டே இருப்பதால் பூச்சு எங்கும் ஓடாமல் சுற்றிலும் சமமாக நிற்கும். வேகம் மிக வேண்டுவதில்லை. நிமிடத்திற்கு ஆறு முதல் பதினெட்டுச் சுற்று வரை போதுமானது.

இதற்கென்று மோட்டார்கள் விற்கப்படுகின்றன. பழுதுபட்ட மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரைக் கழற்றிப் பயன்படுத்துவோரும் உளர். அது நிமிடத்திற்கு ஐந்தாறு சுற்றுச் சுழலும். ஆனால் அவற்றுள் பல வீட்டு மின்சாரத்தின் முழு அழுத்தத்தில் ஓடுபவை. திறந்த கம்பி முனைகளோடு மேசைமேல் கிடப்பவை. மேலும் அவ்வடுப்பினுள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு ஒன்று உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது ஆளை அடித்து வீழ்த்தவல்லது. மின்வேலை அறியாதவர் அவ்வடுப்பைத் திறக்கவேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் பற்சக்கர மோட்டாரையும் அதற்குரிய அடாப்டரையும் மின்பொருள் கடையில் வாங்கிக்கொள்வது சாலச் சிறந்தது.

மோட்டார் இல்லையெனினும் வேலை நின்றுவிடாது. அட்டைப்பெட்டியின் இருபுறத்திலும் ஆங்கில எழுத்து 'வி' வடிவில் வெட்டிக் கோலைக் கிடத்துங்கள். முதல் கால்மணி நேரம் அருகிலேயே இருந்து கையால் இடைவிடாது மெல்லச் சுழற்றுங்கள். அதன்பின் ஒரு மணி நேரம்வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அரைச்சுற்று. பின்னர்ப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை. திருப்பி வைத்தபின் பூச்சு கீழே தொங்காமல் நிற்கும்வரை இது தொடரவேண்டும். நாலு மணி நேரம் வரை ஆகலாம். வானொலி கேட்டுக்கொண்டோ பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்துக்கொண்டோ செய்யத்தக்க வேலைதான். இடையில் கடைத்தெருவுக்குப் போய்வரத்தான் முடியாது.

நம் நாட்டு ஈரம்

இத்தொழில் பற்றிய நூல்களுள் மிகுதியானவை குளிர்நாட்டாரால் எழுதப்பட்டவை. அறையைச் சூடாக்குவதே அவர்களது கவலை. நமக்கு வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறது. காற்றின் ஈரமே நம் பகை. இறுக்கியில் உள்ள அமீன் எனும் பொருள், காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து பூச்சின் மேற்பரப்பில் எண்ணெய்ப்பசை போன்ற படலத்தையோ பாலாடை போன்ற மங்கலையோ உண்டாக்கும். அடைமழை நாளிலும், பனி இறங்கும் பின்னிரவிலும் இது மிகுதி. ஆதலின் பனி விலகிக் காற்று உலர்ந்தபின் முற்பகல் ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால், மாலை மழை வருமுன் பூச்சு தன் இளமைப் பருவத்தைக் கடந்துவிடும். அந்திவேளையில் ஓய்வாகத் தொடங்கலாம் என்பவர் இரவு முழுதும் ஈரக்காற்றில் பூச்சை விட்டுவைப்பவர் ஆகிறார். குளிர்சாதன அறையில் இருந்த கோலை வெளியே கொண்டுவந்து உடனே பூசுவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத பனிநீர் அதன்மேல் படிந்திருக்கும். அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்துப் பின் பூசுக.

மங்கல் படிந்துவிட்டால் அஞ்சவேண்டுவதில்லை. அப்படலம் நீரிற் கரைவது. பூச்சு இறுகியபின் வெதுவெதுப்பான நீரும் துணியும் கொண்டு துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் துடைக்காமல் அதன்மேல் இரண்டாம் பூச்சை வைத்தால் அது உரிந்து வரும்.

இரண்டாம் பூச்சும் பிழைத்த பூச்சும்

முதற்பூச்சு கைக்கு ஒட்டாத நிலையை அடைந்ததும், ஒரு நாள் கடக்குமுன் இரண்டாம் பூச்சை வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணையும். நாள் கடந்துவிட்டால் நுண்ணிய மணல்தாளால் மேற்பரப்பின் பளபளப்பு நீங்கும்வரை மெல்லத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துப் பின் பூசவேண்டும். நூலைத் தேய்த்துவிடாதபடி கை தாழ்ந்திருக்கட்டும். தூசி துகள், நீட்டிய இழை ஆகியவற்றைக் கூரிய பிளேடால் சீவிவிடவும் இதுவே தக்க தருணம். இரண்டாம் பூச்சு நூலின் வரிகளை மறைத்து வழுவழுப்பாக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

ஒட்டும் பூச்சுக்கு என்ன செய்வது? மேற்பரப்பு சற்றே பிசுபிசுத்து, உள்ளே இறுகியிருந்தால், சரியாக அளந்து நன்கு கலந்த புதுப்பூச்சை அதன்மேல் வைக்கலாம். பெரும்பாலும் அது அடங்கிவிடும். விரலோடு இழைந்து வரும் பச்சைத் திரவமாகவே இருந்தால் நூலோடு சேர்த்து அறுத்தெறிந்து புதிதாகக் கட்டுவதே சுருக்கவழி. கடைகளில் விற்கும் ஐந்து நிமிட எப்பாக்சிப் பசையை மேலே தடவிச் சரிக்கட்டும் வழக்கமும் காணப்படுகிறது. அது தூரிகையில் சமன்படுமுன் இறுகிவிடும், விரைவில் மஞ்சளாகும், கோல் வளையும்போது வெடிக்கும். ஒட்டுவதற்குரிய பொருளைப் பூசுவதற்குக் கொள்ளவேண்டாம்.

பிசின் குப்பியில் சில மாதங்களில் கற்கண்டுத் துகள்போல் வெண்மணிகள் தோன்றினால் கெட்டுவிட்டதென்று எறியவேண்டாம். மூடியை இறுக்கி, கை பொறுக்கும் வெந்நீரில் குப்பியை நிறுத்தி வைத்தால் மணிகள் கரைந்து பழையபடி தெளியும். ஆறிய பின்னரே அளந்து எடுக்க. இறுக்கி நாளடைவில் தேன்நிறம் அடைவதும் இயல்பே.

பழைய வளையத்தை எடுப்பவர்கள் கோலின் பக்கமாகப் பிளேடை ஓட்டிவிடக்கூடாது. கார்பன் இழையில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் வளையும்போது முறிவு அங்கே தொடங்கும். வளையத்தின் கால் நூலுக்கடியில் மேடாகத் தெரியும் இடத்தில், அந்த உலோகத்தின் மேலேயே பிளேடை வைத்து நீளவாக்கில் அறுத்தால், கத்தி இரும்பில் படும், கோலில் படாது. வெந்நீரில் தோய்த்த துணியைச் சுற்றிப் பூச்சை இளக்கினால் கட்டு முழுதும் ஒரு தோடாகக் கழன்று வரும்.

பூச்சு ஒரு நாளில் கைக்குக் கெட்டியாகத் தோன்றினும் முழு வலிமை பெற ஏழு நாட்கள்வரை ஆகும். அக்கம்பக்கத்தார் கோலைச் செப்பனிட்டுக் கொடுத்துச் சிறு வருவாய் தேடுவோர், கோலைப் பெற்றுக்கொள்ளும்போதே இந்நாட்கணக்கைச் சொல்லிவிடவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகவேண்டும் என்று வெள்ளிக்கிழமை வந்து நிற்பவர் உண்டு. அவருக்கு உங்கள் கோலை இரவலாகக் கொடுத்தனுப்புங்கள். அவருடைய கோல் பெட்டியின்மேல் கிடக்கட்டும்.